பாவாத்தாள் மூடிய கை

கிளுவங்காட்டுப் பக்கம் போகிறவர்கள் ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்: அங்கே யாரிடமும் மூடிய கையைக் காட்டக் கூடாது. கெட்ட வார்த்தை எது வேண்டுமானாலும் பேசலாம், பாதியைச் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்கள், மீதிக்குச் சுடச்சுடப் பதில் சொல்வார்கள். அம்மாவை இழுத்தால் ஓர் அடி, பெண்டாட்டியை இழுத்தால் இரண்டு அடி, அதோடு டீக்கடையில் சமாதானம். ஆனால் வலது கையை நீட்டி, விரல் ஐந்தையும் உள்ளே மடக்கி, முட்டியைக் கவிழ்த்து, எதிரே நிற்பவர் மார்புக்கு நேராக ஒரு மூச்சு நேரம் பிடித்துவிட்டால், பஸ்ஸாக இருந்தால் கண்டக்டர் விசிலடித்து நடுக்காட்டில் இறக்கிவிடுவார், கல்யாண வீடாக இருந்தால் தாலி தட்டிலேயே கிடக்கும், அண்ணன் தம்பியாக இருந்தால் அன்றைக்கே நடுவில் சுவர் எழும்பும்.

இந்தக் கை எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். ஒரு பாளையக்காரன் பகையாளியின் கண்ணைத் தோண்டிக் கையில் மூடிக்கொண்டுவந்து காட்டினான் என்பார்கள். ஒரு மருமகள் மாமியாருக்குப் போட வேண்டிய கடைசிப் பிடி அரிசியைப் போடாமல் மூடிக்கொண்டாள் என்பார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் இது பழைய கோயில் சிற்பத்திலேயே இருக்கிறது என்று நோட்டீஸ் அடித்துக்கூடக் கொடுத்தார், போய்ப் பார்த்தால் அந்தச் சிற்பம் கையில் பூ வைத்திருந்தது. எல்லாம் சும்மா. நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, மாட்டுச் சந்தை நடுவில், நானூறு பேர் கண்ணெதிரே; யாருக்கு எதிராக அந்தக் கை முதலில் நீண்டதோ அந்த ஆளின் பெயர் சென்னியப்பன்.

சென்னியப்பன் மாட்டுத் தரகர். பதினெட்டு வயதில் தோளில் நாலு தலைக்கயிறு போட்டுக்கொண்டு விற்க வந்தவர், கயிற்றை விற்றோமா போனோமா என்று இல்லாமல் பக்கத்தில் நின்ற மாட்டின் வாயைப் பிளந்து பார்த்து, "ஆறு பல்லுன்னு சொல்றீங்க, எட்டுப் பல்லும் மொளச்சுக் கடை சேர்ந்து ரெண்டு வருசமாச்சுங்களே" என்று சொல்லி மாட்டுக்காரரிடம் செருப்படி வாங்கினார், வாங்கிய வீக்கம் வடியும் முன்னே மறுவாரம் வந்து இன்னொரு மாட்டுக்கும் அதையே சொன்னார். அப்படி அடி வாங்கி வாங்கித்தான் சுழி படித்தார், குளம்பு படித்தார், விற்க வந்தவன் முகத்தில் அவசரம் எந்த மடிப்பில் ஒளிந்திருக்கும் என்பதைப் படித்தார். ஐம்பது வயதில் அவர் துண்டு விழாமல் கிளுவங்காட்டில் ஒரு கன்றுக்குட்டிகூடக் கை மாறாது என்று ஆகியிருந்தது. கோபம் மட்டும் அந்தச் செருப்படிக் காலத்திலிருந்து அப்படியே இருந்தது. வெயிலில் நின்ற தகரம் மாதிரி, தொட்ட இடத்தில் சுடும்.

துண்டு என்பது இதுதான். வாங்குகிறவரும் தரகரும் எதிரெதிரே நின்று கைகோத்துக்கொள்வார்கள், கோத்த கைகளின் மேல் துண்டு விழும், அதன் அடியில் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு விலை, இரண்டைப் பிடித்தால் ஒரு விலை. கையை உருவிக்கொண்டால் இல்லை என்று அர்த்தம், அழுத்திக்கொடுத்தால் சம்மதம். சம்மதம் என்று துண்டை எடுத்த பிறகு அந்தப் பேச்சை மாற்ற எந்தச் சாமியாலும் ஆகாது. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து மணிக்கட்டையும் ஓர் அழுத்து அழுத்தினால் 'உள்ளது அத்தனையும்' என்று பொருள், ஆனால் அப்படிக் கேட்டவரும் இல்லை கொடுத்தவரும் இல்லை, அது தரகர்கள் தங்களுக்குள் சிரிப்பதற்கு வைத்திருந்த பிடி. பெண்பிள்ளைகள் கை துண்டுக்கு அடியில் போகாது; அவர்கள் கொண்டுவந்த மாட்டுக்கும் சேர்த்துத் தரகர் கைதான் பேசும்.

இதெல்லாம் நடக்கும்போது துண்டுக்கு மேலே வாயும் சும்மா இருக்காது. "அய்யோ, இந்த வெலைக்கு மாட்டோட நெழலத்தான் ஓட்டிட்டுப் போவீங்க" என்று வாய் அழும், அடியில் விரல் சம்மதம் சொல்லும். "எம்பட கொழந்தை மேல சத்தியம், கட்டாதுங்க" என்று வாய் சத்தியம் செய்யும், அடியில் விரல் இன்னும் கொஞ்சம் என்று கேட்கும். சென்னியப்பனுக்கு இதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. துண்டுக்கு மேலே பேசுவது ஊருக்கு, துண்டுக்கு அடியில் பேசுவதுதான் வியாபாரம். முப்பத்திரண்டு வருஷம் இந்த ஒரு சட்டத்தின் மேல்தான் அவர் வீடு கட்டினார், சோறு தின்றார், நிம்மதியாகத் தூங்கினார்.

மழை பொய்த்த மூன்றாவது வருஷம் பாவாத்தாள் ஓர் எருதை ஓட்டிக்கொண்டு வந்தாள். புருஷன் இல்லை, ருக்கு என்று ஒரு மகள், நாலு ஏக்கர் மேட்டாங்காடு. இரண்டு எருது இருந்தது. மழையில்லாமல் வாடிய சோளப் பயிரைத் தின்று ஒன்று வயிறு ஊதிச் செத்துப்போனது, மிஞ்சியது செவலை. ஒற்றை எருதை வைத்து என்ன செய்வது? ஏரில் பூட்ட முடியாது, வண்டியில் பூட்ட முடியாது, தீனியும் கிடையாது. ஆனால் அந்தச் செவலை சும்மா எருது இல்லை. ருக்குவுக்குப் பன்னிரண்டு வயதில் கிணறு தூர்வாரும்போது படி சரிந்து அவள் உள்ளே தொங்கிவிட்டாள், பிடித்திருந்த வடத்தின் மறுமுனை செவலையின் கழுத்துப் பட்டையில் கட்டியிருந்தது, ஆள் வந்து சேரும்வரை உச்சிப்பொழுதிலிருந்து மாடு வீடு திரும்பும் நேரம்வரை அந்த எருது வால்கூட அசைக்காமல் நின்றது. ஓர் அடி பின்னால் வைத்திருந்தால் பெண் இல்லை.

"தரகரே, சோடி தேடற ஆளுக்குத்தான் இது போகோணும்" என்றாள் பாவாத்தாள். "ஒத்தை எருதை வெச்சுக்கிட்டு இன்னொண்ணு தேடறவங்க எங்கியாச்சும் இருப்பாங்க. வெலை முன்னப்பின்ன இருந்தாலும் போகட்டும். லாரிக்கு மட்டும் வேண்டாங்க."

"அக்கா, நீங்க போயி நெழல்ல ஒக்காருங்க. சோடி தேடற ஆளு காலையிலதான் என்னக் கேட்டுட்டுப் போனாரு. உழவுக்குத்தான் போகும். போதுங்களா?"

"வாயில சொல்றீங்க."

"வாயில சொல்லாம வேற எதுலீங்க சொல்றது?" என்று சென்னியப்பன் சிரித்தார், சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

அன்றைக்குச் சோடி தேடி யாரும் வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் அடிமாடு ஏற்றிப்போகும் லாரிக்காரர் வந்தார், துண்டு விழுந்தது, அடியில் அவர் பிடித்த விரல்கள் நல்ல விரல்கள். சென்னியப்பன் அழுத்திக்கொடுத்தார். பாவாத்தாளிடம் வந்து அவள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கொடுத்தார், அதில் அவர் நியாயமான ஆள். அந்தப் பக்கத்து வழக்கப்படி மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை. செவலையின் பழைய தலைக்கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பாவாத்தாள் பஸ்ஸுக்கு நடந்தாள், வாசலுக்கு வந்தபோது லாரி அவளைத் தாண்டிப் போனது, பின்பலகைக்கு மேலே செவலையின் முகம் தெரிந்தது. எருது கத்தவில்லை. கிணற்றோரம் நின்ற மாதிரியே நின்றது.

லாரிக்குப் பின்னால் ஓடிப்பார்த்து, முடியாமல், திரும்பச் சந்தைக்குள் வந்து சென்னியப்பன் முன்னால் நின்றாள்.

"சோடி தேடற ஆளுக்குன்னு சொன்னீங்களே."

"சொன்னனுங்க."

"லாரியில போகுது."

"அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்? வந்த ஆளுக்குத்தான் குடுக்க முடியும். துண்டெடுத்தாச்சு, பேச்சு முடிஞ்சுது."

"வாயில சொன்னது?"

"அட, அது மேல பேசறதுங்கக்கா! சந்தையில மேல பேசறதயெல்லாம் எவனாச்சும் புடிச்சுத் தொங்குவானா? கேளுங்க இவிங்கள!"

அவள் யாரையும் கேட்கவில்லை. குனிந்தாள், செவலை நின்றிருந்த இடத்தில், அதன் குளம்புத் தடத்திலிருந்தே, ஒரு பிடி மண்ணை அள்ளினாள். அவ்வளவுதான், சந்தை ஒதுங்கியது. வாரித் தூற்றுகிற மண் யார் மேல் படும் என்று சொல்ல முடியாது, டீக்கடைப் பழனாள் பால் சட்டியை மூடினாள், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவர்கள் முந்தானையால் பிள்ளை தலையை மூடினார்கள், சந்தைக் குத்தகைக்காரர் குடையை விரித்துக்கொண்டார். நடுவில் சென்னியப்பன் மட்டும் நின்றார், உடம்பெல்லாம் கோபம்.

"தூத்து!" என்று கத்தினார். "தூத்திப்போட்டுப் போ! நீ மொத ஆளா? எத்தன பேரு தூத்துன மண்ணு எந்தலையில கெடக்குது தெரியுமா? அந்த மண்ணுலதான் நான் வீடு கட்டியிருக்கறன். தூத்து!"

பாவாத்தாள் தூற்றவில்லை. கையை நீட்டினாள், விரல்களை மூடினாள், முட்டியைக் கவிழ்த்து அவர் மார்புக்கு நேராக ஒரு மூச்சு நேரம் பிடித்தாள். பிறகு திரும்பிப் பதினொன்றே கால் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்விட்டாள்.

அந்தக் கை பிறகு திறக்கவில்லை.

முதலில் அவள் திறக்க மாட்டேன் என்கிறாள் என்று நினைத்தார்கள், ஒரு வாரம் கழித்துத் திறக்க முடியவில்லை என்று புரிந்துகொண்டார்கள், அதற்கும் பிறகு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். இடது கையால் சோறு தின்னப் பழகினாள். ருக்கு அவளுக்குத் தலை சீவிவிட்டாள். ஆஸ்பத்திரியில் வெந்நீரும் விளக்கெண்ணெயும் போட்டு நீவிப் பார்த்த கம்பவுண்டர் சீட்டில் 'கை விறைப்பு' என்று எழுதி மஞ்சள் மாத்திரை கொடுத்தார். ஒன்பதாம் நாள் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பச்சையாக ஒரு முனை எட்டிப்பார்த்தது, அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் நாலு விரல் இடுக்கிலும் புல் முளைத்து மணிக்கட்டின் மேல் சாய்ந்து கிடந்தது. மேய்ச்சல் காட்டில் மாடு தேடித் தின்னும் கொழுக்கட்டைப் புல். வேறு எங்கேயும் ஒரு துளிர் இல்லாத அந்த வருஷத்தில் அவள் கையில் மட்டும் அது பால் கட்டிக் கதிர் விட்டது.

ஊருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, வேலைதான் இருந்தது. புல் முளைத்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும், யார் ஊற்றுவது என்று பேசி, தெருவுக்கு ஒரு நாளாக முறை வைத்துக்கொண்டார்கள். விவசாய ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு, நல்ல ரகம், விதை எடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மின்சார ரீடிங் எடுக்க வருகிற பெண் மட்டும் ஒவ்வொரு மாதமும், "வலிக்குதுங்களா?" என்று கேட்பாள், "வலிக்கலீங்க, கனக்குது" என்று பாவாத்தாள் ஒவ்வொரு மாதமும் அதையே சொல்வாள்.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவள் சந்தைக்கு வந்தாள். உள்ளே வருவதில்லை. வாசல் ஓரம் புளியமரத்தடியில் உட்கார்ந்து, மூடிய கையை முழங்கால் மேல் வைத்துக்கொள்வாள். போகிற மாடு ஒவ்வொன்றும் அவளிடம் நின்றது. ஓட்டிவந்தவன் எவ்வளவு இழுத்தாலும் நின்று, கழுத்தை நீட்டி, அந்தப் புல்லில் ஒரு வாய் கடித்து, மென்று, பிறகுதான் நகர்ந்தது. அவளிடம் ஒரு வாய் தின்ற மாடு உழவுக்குப் போனது, வண்டிக்குப் போனது, பால் வீட்டுக்குப் போனது, லாரிப் பலகை மேல் மட்டும் கால் வைக்கவில்லை. அடித்தார்கள், வாலை முறுக்கினார்கள், எட்டு பேர் சேர்ந்து தூக்கினார்கள். பாறையைத் தூக்கின மாதிரி ஆள்தான் கீழே விழுந்தான்.

லாரிக்காரர்கள் குத்தகைக்காரரிடம் சண்டைக்குப் போனார்கள். அவர் யோசித்து, பெண்பிள்ளையைக் கிளப்பினால் நமக்கு எதற்கு வம்பு என்று, வடக்கே சுவரை உடைத்து லாரிக்கு ஒரு தனி வாசல் வைத்தார். அன்றிலிருந்து கிளுவங்காட்டுக்கு இரண்டு வாசல். அதில் ஒரு சங்கடம் என்னவென்றால், மாட்டை ஓட்டிவருகிறவன் எந்த வாசலுக்குத் திரும்புகிறான் என்பதை நாலு பேர் பார்த்துவிடுவார்கள். வடக்கு வாசல் வழியாக ஓட்டிப்போனவன் வீட்டில் அன்றைக்குப் பெண்டாட்டி பேசமாட்டாள். சிலபேர் ஊர் சுற்றிப் போய் மாட்டை வடக்கே விட்டுவிட்டு, வெறுங்கயிற்றோடு பழைய தெற்கு வாசல் வழியாக வந்து, பாவாத்தாளுக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் யாருக்கும் பதில் வணக்கம் வைக்கவில்லை. கை மூடியிருந்தது.

அந்தக் கை வசவாக மாறியது எப்போது என்று சரியாகச் சொல்ல முடியாது. முதலில் காட்டியவள் டீக்கடைப் பழனாள்தான் என்பார்கள், குடித்துவிட்டு வந்து 'இனித் தொடமாட்டேன்' என்று நூறாவது முறை சொன்ன புருஷனுக்குக் கையை மூடிக் கவிழ்த்துக் காட்டினாள், அவன் வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதான். அடுத்து ஒரு கூலிக்காரி மேஸ்திரிக்குக் காட்டினாள். ஒரு மாமனார் மாப்பிள்ளைக்குக் காட்டினார். ஓட்டுக் கேட்டு வந்தவர்களுக்கு ஒரு தெருவே வரிசையாக நின்று காட்டியது. அதுவரைக்கும் அந்தக் கையில் அர்த்தம் இருந்தது: நீ வாயில் சொன்னாய், அதை நான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பிறகு அது கண்டவர் கைக்கும் போனது. பஸ்ஸில் சீட்டுக்குக் காட்டினார்கள், சீட்டாட்டத்தில் காட்டினார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காட்டி முட்டியில் ஸ்கேல் அடி வாங்கினார்கள். 'பாவாத்தா புல்லு' என்று சொன்னாலே அடிதடி ஆனது. மரத்தடியில் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள், ஒருத்தியின் வயிற்றெரிச்சல் ஊருக்கெல்லாம் கெட்ட வார்த்தையாகிப் போவதை.

சென்னியப்பன் முதல் ஆறு மாதம் சண்டை போட்டார். தனக்குக் கை காட்டினான் என்று ஒருவன் பல்லை உடைத்தார், காட்டவில்லை, இருமல் வந்து வாயைப் பொத்தப் போனேன் என்று அவன் ரத்தத்தோடு சொன்னான். அதற்குப் பிறகு யார் கையை மூடினாலும் அவர் கண் அங்கேயே போனது. பஸ் கம்பியைப் பிடித்த கை, குழந்தை உறங்கும்போது மூடியிருக்கும் கை, பொங்கலை அள்ளிப் பிடித்த கை. துண்டுக்கு அடியில் கை விட வருகிறவர்கள், "தரகரே, மேலயும் ஒருக்கா சொல்லிருங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மேலே சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு தடுமாறியது. முப்பத்திரண்டு வருஷமாக எடையே இல்லாமல் இருந்த வார்த்தைகள் ஒவ்வொன்றும் கருங்கல்லாகக் கனத்தன. அவர் துண்டு விழாமலே மாடுகள் கை மாறத் தொடங்கின.

அவர் மனைவி சரசாள் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "அந்தம்மாகிட்ட ஒருக்காப் போயிட்டு வாங்களேன்" என்றாள்.

"போயி? கால்ல விழச்சொல்றயா?"

"விழுந்தா கொறஞ்சா போயிருவீங்க?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஆனால் போனார். பாவாத்தாள் வீட்டு வாசலில் நின்று, "ஆத்தா, அந்த மண்ணத் தூத்திருங்க. என்ன சாபம் வேணாலும் உடுங்க, வாங்கிக்கறன். இப்படிப் புடிச்சுக்கிட்டு இருக்காதீங்க" என்றார்.

"சோடி கெடைச்சுதுங்களா?" என்று பாவாத்தாள் கேட்டாள்.

திரும்பி வந்தார். மலையைத் தாண்டிப் போய் அந்த லாரிக்காரரைத் தேடிப் பிடித்து விசாரித்தார், அவர் இரக்கமான மனிதர், டீ வாங்கிக்கொடுத்து, "அண்ணா, அன்னிக்கே முடிஞ்ச கதைங்க" என்றார். அச்சு அசல் அதே செவலையில் ஓர் எருதை வாங்கி ஓட்டிக்கொண்டுவந்து அவள் வாசலில் கட்டினார். அவள் அதற்குத் தண்ணீர் வைத்தாள், கழுத்தைத் தடவிக்கொடுத்தாள், "பாவம், இதுக்கும் சோடி எங்கியோ நிக்கும், கொண்டுபோயி உடுங்க" என்றாள். மூன்றாம் முறை போனபோது அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார், அவளும் உட்கார்ந்திருந்தாள், எழுந்து கிளம்பும்போது அதே கேள்வி, விருந்துக்கு வந்த ஒறம்பரையை வழியனுப்புகிற மாதிரி நிதானமாக: "சோடி கெடைச்சுதுங்களா?"

மூன்று வருஷம் கழித்து மழை பெய்தது. மழைக்குப் பிந்திய செவ்வாய்க்கிழமை சந்தையில் கூட்டம் நெறிந்தது. அன்றைக்கு இரண்டு வியாபாரிகள் புளியமரத்தடியிலேயே வாய்ச்சண்டை முற்றி, ஒருத்தருக்கொருத்தர் கையை மூடிக் காட்டிக்கொண்டு, கூட்டம் கூடிச் சிரித்துக்கொண்டிருந்தது. சென்னியப்பன் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இரண்டு முட்டிகளுக்கும் நடுவே, கீழே, பாவாத்தாள் தலை குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புல் நரைத்திருந்தது, மூன்று வருஷக் கனத்தில் அவள் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, அந்தப் பக்கத்துக் கை மற்றதைவிட ஒரு சாண் இறங்கியிருந்தது. அவருக்கு அப்போதுதான் உறைத்தது: இத்தனை நாளும் அவர் அந்தக் கை நீண்ட தன் மார்பைப் பற்றித்தான் நினைத்தாரே தவிர, அந்தக் கையைப் பற்றி நினைக்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் எதிரே மண்டியிட்டார்.

"சோடி கெடைக்கலீங்க ஆத்தா" என்றார். எல்லாருக்கும் கேட்கும்படி, மேலே. "கெடைக்காது. நான் அன்னிக்கு வாயில சொன்னது பொய்யிங்க. அந்த எருதுக்கு இனிமே என்னால ஒண்ணும் பண்ண முடியாது. உங்க கை கனக்குது. அதுக்கு என்ன வெலைன்னாலும் சொல்லுங்க."

பாவாத்தாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள், மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோல.

"துண்டப் போடுங்க" என்றாள்.

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி அப்படியே செத்தது. பெண்பிள்ளை கை துண்டுக்கு அடியில் போனதை அந்தச் சந்தை பார்த்ததே இல்லை. குத்தகைக்காரர், "அதெப்படிங்கம்மா..." என்று ஆரம்பித்தார், பழனாள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார். சென்னியப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, அவள் முட்டியின் மேல் போட்டு, தன் வலது கையை அடியில் விட்டார்.

முதலில் புல்வேர் பட்டது, நார் நாராக. பிறகு முட்டியின் எலும்பு. கல் மாதிரி இருந்தது. அவர் சும்மா வைத்திருந்தார், ஆயிரமாயிரம் மாட்டுக்குப் பேசிய கை, பேசத் தெரியாமல் கிடந்தது. பிறகு அந்தக் கல் இளகியது. சுண்டுவிரல் விலகி அவர் சுண்டுவிரலைப் பிடித்தது. அடுத்த விரல் அடுத்ததை. ஒவ்வொன்றாக நாலும் பிடித்தாயிற்று, இதுவரைக்கும் விலைதான், கொடுத்துவிடலாம், வீடு இருக்கிறது, காடு இருக்கிறது என்று அவர் மனசு பழக்கத்தில் கணக்குப் போட்டது. அப்போது கட்டைவிரலும் சேர்ந்தது. ஐந்தையும் கூட்டிப் பிடித்து, மணிக்கட்டை ஓர் அழுத்து அழுத்தினாள்.

உள்ளது அத்தனையும்.

அவள் காடு கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. அவருடைய கையைக் கேட்டாள். கொடுத்துவிட்டால் பிறகு துண்டு இல்லை, தரகு இல்லை, சந்தையில் அவர் யாரும் இல்லை. செருப்படி வாங்கிச் சம்பாதித்த ஒரே சொத்து அதுதான். உருவிக்கொள்ளலாம். உருவிக்கொண்டு எழுந்து, "கட்டலீங்க" என்று சொன்னால் போதும், என்ன கேட்டாள், எதை மறுத்தார் என்று இந்த நானூறு பேரில் ஒருவனுக்கும் தெரியாது. துண்டே அதற்காகத்தான் இருக்கிறது.

சென்னியப்பன் அழுத்திக்கொடுத்தார்.

உள்ளங்கையில் மண் இறங்கியது, வெதுவெதுப்பாக, மூன்று வருஷம் ஒரு மனுஷி உடம்புச் சூட்டில் கிடந்த மண், ஒரு பிடிதான், அவர் தோள்வரைக்கும் கனம் ஏறியது. விரல்கள் தானாக மூடிக்கொண்டன. பாவாத்தாள் துண்டை எடுத்தாள்.

அவள் கை திறந்திருந்தது. உள்ளங்கை கழுவி வைத்தது போல வெளுத்து, ரேகையெல்லாம் பச்சையாக இருந்தது. விரல்களை ஒருமுறை விரித்தாள், மடக்கினாள், விரித்தாள். பிறகு எழுந்து, தலைமுடியைத் தன் கையாலேயே அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டு, பதினொன்றே கால் பஸ்ஸுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு புளியமரத்தடியில் சென்னியப்பன் உட்கார்ந்தார். சரசாள்தான் சோறு பிசைந்து இடது கையில் உருட்டி வைத்தாள், ஒன்பதாம் நாள் அவர் விரலிடுக்கில் பச்சை முனை தெரிந்ததும் தெருக்காரர்கள் கேட்காமலே தண்ணீர் முறையைப் பிரித்துக்கொண்டார்கள். மாடுகள் நின்று ஒரு வாய் கடித்துப் போயின. துண்டுப் பேச்சு முடிந்துபோனதால் அவருக்கு வாய் ஒன்றுதான் மிச்சம். ஒற்றை எருதை ஓட்டிக்கொண்டு யாராவது வந்தால், சத்தமாகச் சொல்வார்: "வெள்ளியம்பதியில ஒருத்தரு ஒத்தை மயிலை எருது வெச்சிருக்கறாரு, கொம்பு இதே வாகு, கடை சேரல, போயிப் பாருங்க." சொன்னது சொன்ன இடத்தில் இருக்கும். தரகு கிடையாது, வாங்கவும் கை இல்லை. அந்த வட்டாரத்தில் அதற்கப்புறம் ஒற்றை எருது அதிக நாள் ஒற்றையாக நின்றதில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் பாவாத்தாள் எப்போதாவது வருவாள், ருக்குவுக்கு வளையல் வாங்க, விதை வாங்க. அவர் முன்னால் ஒரு நிமிஷம் நிற்பாள்.

"கனக்குதுங்களா?" என்பாள்.

"கனக்குதுங்க" என்பார்.

பாதி மாடு இன்றைக்கும் வடக்கு வாசல் வழியாகத்தான் போகிறது, அதை யாராலும் நிறுத்த முடியவில்லை. கையை மூடிக் காட்டுகிற பழக்கமும் நிற்கவில்லை. இன்னும் பஸ்ஸில் காட்டுகிறார்கள், சீட்டாட்டத்தில் காட்டுகிறார்கள், எதற்குக் காட்டுகிறோம் என்று தெரியாமலே காட்டிப் பல்லை உடைத்துக்கொள்கிறார்கள். பதிலுக்கு அடிப்பவன் இருக்கிறான், பதிலுக்குக் கை காட்டுபவன் இருக்கிறான். ஆனால் அதற்குச் சரியான பதில் எது என்று கிளுவங்காட்டில் எல்லாருக்கும் தெரியும்: தோளில் கிடக்கிற துண்டை எடுத்து அந்த முட்டியின் மேல் போட்டு, தன் கையை அடியில் விட வேண்டும். இதுவரை அப்படிச் செய்தவர் ஒரே ஒருத்தர்தான். துண்டு என்னவோ எல்லார் தோளிலும் கிடக்கிறது.